செத்தவன் எழுந்து வந்தால் அது என்ன ஆட்டம்?

நாட்டின் எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. குளிர்காலம். வெளியே நீளமாகக் கியூ நிற்கிறது. கூண்டுக்குள் ஒரு குமாஸ்தா. அவர் கையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்பு. பச்சை குத்தினால் உள்ளே போகலாம். சிவப்பு குத்தினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஒரு ஆள் வந்தார். பாஸ்போர்ட் சரி. அனுமதிச் சீட்டும் சரி. பச்சை விழுந்தது. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அடுத்து அந்த அம்மாள். பாஸ்போர்ட் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லை! திருப்பி அனுப்பினால் என்னைக் கொன்று விடுவார்கள் என்று கெஞ்சுகிறார்.

குமாஸ்தா என்ன செய்வார்? பச்சையா, சிவப்பா?

பதற வேண்டாம். இந்தச் சம்பவத்துக்கு எந்த ஸ்டேஷனிலும் கேஸ் கிடையாது. "பேப்பர்ஸ், ப்ளீஸ்" என்ற வீடியோ கேமில் வருகிற காட்சி இது. லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்து 2013-ல் வெளியிட்டார். கதை நடப்பது 1982-ல், அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில். குமாஸ்தாவுக்கு அந்த வேலையே அரசாங்கக் குலுக்கலில் விழுந்ததுதான். ஒரு ஆளைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 காசு கூலி. தப்பு செய்தால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை எச்சரிக்கை. மூன்றாவது தடவையிலிருந்து சம்பளத்தில் பிடித்தம்!

ராத்திரி வீட்டுக்குப் போனால் மனைவி, மகன், மாமியார், மாமா. வாடகை கட்டணும். சாப்பாடு வாங்கணும். குளிருக்கு அடுப்பெரிக்கணும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மருந்து. கையில் இருக்கிற காசு எல்லாவற்றுக்கும் போதாது.

ஆபீஸில் ஸ்டாம்பு குத்துகிற வாசகர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். இதை ஆட வேறு ஒரு கம்ப்யூட்டர் வேணுமா, தினமும் இதைத்தானே செய்கிறோம் என்பீர்கள்!

நானும் ஒரு ஆட்டக்காரன்தான். பகலில் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கார்ப்பரேஷன் ஆபீஸ் என்று அலைந்து செய்தி கொடுக்கிறேன். ராத்திரி வீட்டில் வீடியோ கேம். "எழுதுற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு தம்பி?" என்று எங்கள் ஆபீஸில் புரூஃப் பார்க்கும் பெரியவர் கேட்டார். "எழுதுறதுக்காகத்தான் ஐயா" என்றேன். அவர் நம்பவில்லை.

அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி விடுகிறேன்.

இரண்டு கட்சி

வீடியோ கேம் ஆடுகிறவர்களில் சும்மா ஓடிச் சுடுகிறவர்களை விட்டு விடுவோம். மற்றவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று வியூகக் கட்சி. இன்னொன்று கதைக் கட்சி.

வியூகம் என்றால் நம்ம சதுரங்கம் மாதிரி. படை, பணம், நிலம் எல்லாம் கணக்கு. 1991-ல் அமெரிக்காவில் வந்த "சிவிலைசேஷன்" இதில் தாத்தா. 1999-ல் வந்த "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்" இரண்டாம் பாகத்தைப் பிரவுசிங் சென்டரில் ஆடாத பையன் அந்தக் காலத்தில் கிடையாது. அதற்கு 2022-ல் ஒரு புதுத் தொகுப்பு வந்தது. அதில் நம்ம ராஜேந்திர சோழனே வருகிறார்! எங்கள் தெருவில் ஒரு பொடியன், கடாரம் எங்கே இருக்கிறது என்று மேப்பில் விரல் வைத்துக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொண்டதில்லை.

ஆனால் ஒன்று. அந்த ஆட்டங்களில் 40 வீரன் போய் 6 பேர் திரும்பினால் யாரும் கவலைப்படுவதில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டால் இன்னும் 40 பேர் வருவான். ஒருத்தனுக்கும் பெயர் கிடையாது.

கதைக் கட்சியில் எல்லாருக்கும் பெயர் உண்டு, குடும்பம் உண்டு, கண்ணீர் உண்டு. அங்கே இருக்கிற கோளாறு வேறு. நீதான் முடிவு பண்ணணும் என்று நம்மிடம் சொல்வார்கள். பண்ணினால் ஒன்றும் ஆகாது!

2012-ல் வந்த "வாக்கிங் டெட்" ஆட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நல்ல ஆட்டம், நான் அழுதிருக்கிறேன். முதல் பாகக் கடைசியில் இரண்டு பேர் ஆபத்தில் மாட்டுகிறார்கள். ஒருத்தரைத்தான் காப்பாற்ற முடியும். நெஞ்சு படபடக்க ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாம் பாகத்தில் பார்த்தால், யாரைக் காப்பாற்றினோமோ அவர் குண்டடி பட்டுச் சாகிறார். மற்றவரைக் காப்பாற்றியிருந்தாலும் அதே கதிதான்.

இது தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! லஞ்சம் வாங்கிக் கொண்டு வேலையை முடிக்காத ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

மூணு கலர் கேக்

கோபம் எனக்கு மட்டும் வரவில்லை. அதே 2012 மார்ச்சில் "மாஸ் எஃபெக்ட்" மூன்றாம் பாகம் வெளியானது. கனடா நாட்டு பயோவேர் கம்பெனி தயாரிப்பு. மூன்று பாகம், ஐந்து வருஷக் கதை. ஒவ்வொரு முடிவும் கடைசியில் எதிரொலிக்கும் என்று ஆட்டக்காரர்கள் நம்பிக் கொண்டிருந்தார்கள். கிளைமாக்ஸில் மூன்று வழி காட்டினார்கள். சிவப்பு, நீலம், பச்சை. எதை எடுத்தாலும் வெளிச்சத்தின் கலர் மாறியது. மற்றபடி காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கொதித்துப் போன ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல் எறியவில்லை. சுமார் 400 கப் கேக் ஆர்டர் பண்ணிக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கலர். கடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே ருசி!

நான் பல போராட்டங்களுக்குப் போய் செய்தி எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு மனு எழுதத் தெரிந்தவர்களைப் பார்த்ததில்லை. கம்பெனி அந்த ஜூன் மாதமே முடிவை நீட்டி, விளக்கம் சேர்த்து இலவசமாகக் கொடுத்தது.

வியூகத்தில் மனுஷன் இல்லை. கதையில் விளைவு இல்லை. அப்போ எதைத்தான் ஆடுவது?

இரண்டும் கைகோர்க்கிற ஆட்டங்கள் சில இருக்கின்றன. அங்கேயும் ஒரு திருடன் நுழைந்து விடுகிறான். அவன் பெயர் "சேவ்" பட்டன்.

அழிரப்பர்

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஆட்டத்தை எந்த இடத்திலும் நிறுத்திப் பத்திரப்படுத்தி வைக்கலாம். அதுதான் சேவ். அப்புறம் ஏதாவது தப்பாகப் போனால், பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி ஆடலாம். செத்தவன் எழுந்து வருவான். போன கோட்டை திரும்ப வரும்.

ஜப்பானில் 1990-ல் "ஃபயர் எம்பளம்" என்று ஒரு ஆட்டம் வந்தது. சதுரங்கம் மாதிரி கட்டம். ஆனால் ஒவ்வொரு காய்க்கும் முகம் உண்டு, பெயர் உண்டு, கதை உண்டு. சண்டையில் செத்தால் செத்ததுதான். அருமையான யோசனை! ஜனங்கள் என்ன பண்ணினார்கள்? ஒருத்தன் செத்தவுடனே மெஷினை அணைத்து, சண்டையை முதலிலிருந்து ஆடினார்கள். 2010-ல் கம்பெனியே இறங்கி வந்தது. செத்தவர்கள் அடுத்த சண்டைக்குத் திரும்பி வருகிற மாதிரி ஒரு சுலப வழியையும் அந்த வருஷ ஆட்டத்தில் சேர்த்து விட்டது.

2012-ல் வந்த "எக்ஸ்காம்" ஆட்டமும் அப்படித்தான். வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். 16 நாடுகள் சேர்ந்து ஒரு ரகசியப் படை அமைக்கின்றன. அதில் இந்தியாவும் உண்டு. 8 நாடு கை நழுவிப் போனால் ஆட்டம் காலி. சண்டைக்கு முதலில் 4 பேர், பிறகு 6 பேர் வரை அனுப்பலாம். அவர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். குறி வைத்தால் "65 சதவீதம்", "90 சதவீதம்" என்று திரையில் காட்டும். 90 என்றாலும் பத்தில் ஒன்று தப்பும். இதை ஜனங்கள் ஒத்துக் கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்!

"சிவிலைசேஷன்" செய்த சிட் மையரே 2010-ல் ஒரு கூட்டத்தில் இதைப் பேசியிருக்கிறார். மூன்றுக்கு ஒன்று என்று நமக்குச் சாதகமாக இருந்தால் ஆட்டக்காரர்கள் ஜெயிப்பது நிச்சயம் என்றே நினைக்கிறார்களாம். தோற்றால் ஆட்டம் ஏமாற்றுகிறது என்று சண்டைக்கு வருகிறார்களாம். 2016-ல் வந்த "எக்ஸ்காம்" இரண்டாம் பாகத்தில், சுலப நிலைகளில் ஆட்டமே நமக்குத் தெரியாமல் சதவீதத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. தராசில் கட்டை விரலை வைக்கிற வேலைதான். நமக்குச் சாதகமாக வைப்பதால் யாரும் புகார் கொடுப்பதில்லை.

இந்த ஆட்டத்தில் "அயர்ன்மேன்" என்று ஒரு முறை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு சேவ்தான். நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஆட்டமே எழுதிக் கொள்ளும். திரும்பிப் போக வழியில்லை. செத்தவன் பெயர் முகாமில் இருக்கும் நினைவுச் சுவரில் ஏறி விடும்.

நான் அந்த முறையில்தான் ஆடுவேன். அதை விட்டால் வேறு முறையில் ஆடுவதில் எனக்கு ருசியே இல்லை.

நண்பன் கேட்ட கேள்வி

என் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனும் "எக்ஸ்காம்" ஆடுவான். ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு சேவ்! குண்டு தப்பினால் பழைய இடத்துக்குப் போவான். அதிலும் ஆட்டம் கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறது. திரும்பி வந்து அதே ஆளை வைத்து அதே குறியைச் சுட்டால் மறுபடியும் தப்பும். அதனால் முதலில் வேறொருத்தனை நகர்த்திவிட்டுப் பிறகு சுடுவான். எம்டனையும் ஏமாற்றுகிற ஆள்!

"இது ஒரு ஆட்டமாடா? பரீட்சை எழுதிட்டு, மார்க் பார்த்துட்டு, மறுபடி பேப்பரை வாங்கித் திருத்துற மாதிரி இருக்கு" என்றேன்.

அவன் திருகாணி முடுக்கிக் கொண்டே பதில் சொன்னான்.

"மச்சான், நேத்து ஒரு அம்மா போன் கொண்டு வந்தாங்க. செத்துப் போன மகன் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. போர்டு கருகிப் போச்சு. எடுக்க முடியலை. அதை எந்த சேவ்ல போய் நான் திருப்பிக் கொண்டு வர்றது? நாள் பூரா இப்படித்தான். ராத்திரி ஒரு மணி நேரமாவது, தப்பு பண்ணினா அழிச்சுக்கலாம்னு ஒரு இடம் இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன நஷ்டம்?"

எனக்கு வாய் அடைத்து விட்டது.

ஒரு வாரம் யோசித்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அலுத்துப் போய் வருகிறவனிடம் போய், இன்னும் வலியை வாங்கிக்கோ என்று சொல்ல நான் யார்? இன்னொன்றும் இருக்கிறது. 40 மணி நேரம் ஆடின ஆட்டம் ஒரு தப்பினால் மண்ணாகப் போனால், ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற சம்பளக்காரன் என்ன செய்வான்? அவனுக்கு ஒரு மாசப் பொழுதுபோக்கு காலி.

ஆட்டம் செய்கிறவர்கள்தான் இதற்கு வழி பண்ணணும். பண்ணியும் இருக்கிறார்கள். 2018-ல் வந்த "இன்டு தி பிரீச்" ஆட்டத்தைப் பாருங்கள். எட்டுக்கு எட்டு, 64 கட்டம். அப்படியே சதுரங்கப் பலகை. எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்று முன்கூட்டியே காட்டி விடும். ஒரு முழு ஆட்டம் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் முடிந்து விடும். தோற்றாலும் ஒரு சாயங்காலம்தான் போகும். ஒரு சண்டைக்கு ஒரே ஒரு தடவை மட்டும், ஆடினதை ரத்து செய்து திரும்ப ஆடலாம். ஒரே தடவை! என் நண்பனுக்கும் எனக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணி வைத்த மாதிரி இருக்கிறது. நீளமான ஆட்டம் செய்கிறவர்கள் அந்த அளவுக்காவது இடம் வைத்தால் போதும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதுதான் எனக்கு ஆகாது.

நிருபர் கத்யா

ஏன் ஆகாது? அதற்கு இன்னொரு ஆட்டத்தைச் சொல்லணும்.

"திஸ் வார் ஆஃப் மைன்". போலந்து நாட்டு வார்சா நகரத்தில் 11 பிட் ஸ்டுடியோஸ் என்ற கம்பெனி 2014 நவம்பரில் வெளியிட்டது. போஸ்னியாவின் சரயேவோ நகரம் 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. அந்த நிஜத்தை வைத்துச் செய்த ஆட்டம். இதில் நாம் சிப்பாய் கிடையாது. இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கிற சாதாரண ஜனங்கள். ஓட்டத்தில் கெட்டிக்காரன் பாவ்லே, சமையல்காரன் புரூனோ, கத்யா என்று ஒரு பெண். கத்யா யார் தெரியுமா? நிருபர்! பேரம் பேசுவதில் சூரி. நம்ம ஜாதி என்று எனக்கு ஒரே குஷி.

பகலில் வெளியே தலை காட்ட முடியாது, மறைந்திருந்து சுடுவார்கள். ராத்திரி ஒருத்தர் மட்டும் போய் சோறோ மருந்தோ எதைக் கொண்டு வர முடியுமோ கொண்டு வரணும். நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. ஒவ்வொரு நாளும் விடியும்போது ஆட்டமே எழுதிக் கொள்ளும்.

புரூனோவுக்கு உடம்புக்கு முடியவில்லை. மருந்து இல்லை. ஊரில் ஒரு வீடு இருக்கிறது, வயதான புருஷன் பெண்டாட்டி மட்டும் குடியிருக்கிறார்கள். துப்பாக்கி கிடையாது. எதிர்க்க மாட்டார்கள். கெஞ்சுவார்கள், அவ்வளவுதான். நான் பாவ்லேயை அனுப்பி மருந்தை எடுத்துக் கொண்டேன்.

கணக்குப்படி நான் செய்தது பிரமாதம். ஆபத்து பூஜ்யம், லாபம் முழுசு. வியூகக் கட்சிக்காரன் கைதட்டுவான். புரூனோ தேறி விட்டான். ஆனால் பாவ்லே மனசு உடைந்து மூலையில் உட்கார்ந்து விட்டான். வேலை சொன்னால் செய்ய மாட்டேன் என்கிறான். அந்தக் கிழவர் குரல் எனக்கும் இரண்டு நாள் காதில் கேட்டது.

அங்கே மட்டும் ஒரு அழிரப்பர் இருந்திருந்தால் அழித்திருப்பேன், சந்தேகமே இல்லை. வேறு வீட்டில் தேடியிருப்பேன். பாவ்லேயும் நானும் நல்லவர்களாகவே ஆட்டத்தை முடித்திருப்போம். நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

போலந்து அரசாங்கம் இந்த ஆட்டத்தைப் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்க்கப் போவதாக 2020 ஜூனில் பிரதமரே அறிவித்தார். புரூஃப் பார்க்கும் பெரியவருக்கு இதைச் சொன்னேன். "நிஜமாவா தம்பி?" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

நாலு வரி வருத்தம்

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பஸ் விபத்து. இரண்டு பேர் பலி, ஏழு பேர் படுகாயம். ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பேர் அந்த லிஸ்டில் இருந்தார்கள். பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம். அவசரத்தில் உயிரோடு இருந்தவரின் ஊரையும் தெருவையும் பலியானவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதி விட்டேன்.

மூணு மணிக்குப் பேப்பர் கடைக்குப் போனது. அஞ்சு மணிக்கு அவருடைய தம்பி, பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக் கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எங்கம்மா இதை பஸ் ஸ்டாண்டுல பார்த்துட்டாங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் நாலு வரி வருத்தம் போட்டோம்.

அன்றையிலிருந்து பெயரை எழுதும் முன்னால் இரண்டு தடவை கேட்கிறேன். "இருவர் பலி" என்று தலைப்பு வைக்கும்போது கை ஒரு நொடி நிற்கிறது. ஆட்டத்தில் அந்த ஒரு நொடியைத்தான் நான் தேடுகிறேன். பச்சையா சிவப்பா என்று ஸ்டாம்பு மேலேயே நிற்கிற நொடி. அழித்துக் கொள்ளலாம் என்று தெரிந்தால் அது வராது.

அந்த எல்லைச் சாவடி அம்மாளுக்கு நான் பச்சைதான் குத்தினேன். அன்றைக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. சம்பளத்தில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் குத்தியிருப்பேனா? சொல்லத் தெரியவில்லை.

"பேப்பர்ஸ், ப்ளீஸ்", "திஸ் வார் ஆஃப் மைன்" இரண்டும் செல்போனுக்கும் வந்து விட்டன. மின்சார ரயிலில் மிட்டாய் உடைத்துக் கொண்டு வருகிறவர்கள் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவற விட்டால் நான் பொறுப்பில்லை.

கடைசியாக என் நண்பன் சமாசாரம். "எக்ஸ்காம்" படையில் ஒரு வீரனுக்கு அவன் பெயரைத்தான் வைத்திருந்தேன். போன மாசம் வீட்டுக்கு வந்தவன், திரையில் நினைவுச் சுவரைப் பார்த்து விட்டான்.

"டேய், என் பேரு ஏன்டா இங்க இருக்கு?"

"நீ செத்து பதினோரு நாள் ஆச்சுடா."

"எப்படி?"

"95 சதவீதம். தப்பிடுச்சு. உன்னை வெட்ட வெளியில நிறுத்தி வச்சிருந்தேன். என் தப்புதான்."

"பழைய சேவ் இருக்கும்ல? எடுடா."

"இல்லடா. அயர்ன்மேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தான். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சாகுறதுக்கு முன்னாடி எத்தனை பேரை விழுத்தினேன்?"

"பதினாலு."

"சரி, டீ போடு" என்றான்.